காக்கிச் சட்டைக்கு எந்த பி.ஜி. படிப்பது? கேள்வியிலேயே ஒரு சின்னத் தப்பு இருக்கு!

பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டர் முடிகிற நேரத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும். பையனோ பொண்ணோ, "எனக்கு போலீஸ் வேலைதான் வேணும்" என்று சொல்லிவிடுவார்கள். "சரி, அதுக்கு மேற்கொண்டு என்ன படிக்கணும்?" என்பார் அப்பா. அதற்குள் ஒரு சொந்தக்காரர், "கிரிமினாலஜி சேர்த்து விடுங்க மாமா, அது போலீஸுக்குன்னே இருக்கிற படிப்பு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அங்கேயும் பூதக்கண்ணாடி, விரல்ரேகை படத்தோடு விளம்பரம்: ஃபாரன்சிக் படிங்க, துப்பறியும் அதிகாரி ஆகுங்க.

உண்மை அவ்வளவு சுவாரஸ்யமானது இல்லை. காக்கி அணியும் வேலைகளுக்கு முதுகலைப் பட்டம் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும். சார்பு ஆய்வாளர், அதாவது எஸ்.ஐ. ஆக ஏதாவது ஒரு பட்டம். குரூப் 1 எழுதி நேரடியாக டி.எஸ்.பி. ஆகவும் ஏதாவது ஒரு பட்டம். ஐ.பி.எஸ்.ஸுக்கும் அதேதான். மத்திய ஆயுதப்படை உதவி கமாண்டன்ட், டெல்லி போலீஸ் எஸ்.ஐ., சி.பி.ஐ. எஸ்.ஐ., உளவுத்துறையின் ஏ.சி.ஐ.ஓ. என்று டெல்லி வரை தேடிப் போனாலும் பதில் மாறாது. பி.ஏ. தமிழும் பி.இ. மெக்கானிக்கலும் அங்கே ஒரே வரிசை. தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ. மாதிரி சில பதவிகளுக்குக் குறிப்பிட்ட படிப்பு கேட்பார்கள். அதுவும் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, பொறியியல் என்ற அளவில்தான், முதுகலை இல்லை.

தகுதிக்கு வேண்டாம், மார்க்காவது கிடைக்குமா?

கிடைக்காது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் சமீபத்திய எஸ்.ஐ. அறிவிப்புகளில் மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிக்கு 15, நேர்முகத்துக்கு 10, மீதி 5 மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு. தமிழ்த் தகுதித் தேர்வு தனி, அதில் தேறினால் போதும். ஆக, கல்லூரியில் என்.சி.சி. பரேடுக்கு ஒழுங்காகப் போன பையனுக்கு ஏதோ ஒரு மதிப்பெண் உண்டு. இரண்டு வருஷம் எம்.ஏ. படித்தவருக்கு அதற்காகக் கால் மதிப்பெண்கூடக் கிடையாது.

குரூப் 1 முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமே இல்லை. பொது அறிவுத் தாள்கள் மூன்றுக்கு 750, நேர்முகத்துக்கு 100, அவ்வளவுதான் தரவரிசை. யு.பி.எஸ்.சி.யில் மட்டும் முதுகலைக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்குப் போகிறது. சட்டம், உளவியல், சமூகவியல், மானுடவியல், பொது நிர்வாகம், தமிழ் இலக்கியம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. போலீஸுக்கென்றே இருப்பதாகச் சொந்தக்காரர் சொன்ன கிரிமினாலஜி இல்லை. ஃபாரன்சிக் சயின்ஸும் இல்லை. ஐ.பி.எஸ். கனவோடு குற்றவியல் எம்.ஏ. சேர்கிற பலருக்கு இது இரண்டாம் வருஷம்தான் தெரிய வருகிறது.

அப்போ பி.ஜி. வேஸ்ட்டா? இல்லை. அந்தப் பட்டம் காக்கியை வாங்கித் தராது. ஆனால் தேர்வுப் பட்டியலில் நம்பர் இல்லாத அன்றைக்கு அதுதான் கை கொடுக்கும். அந்த நாளை யோசிக்காமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. எஸ்.ஐ. தேர்வு வருஷா வருஷம் வருகிற பொங்கல் இல்லை. 2019-க்குப் பிறகு அடுத்த தாலுகா எஸ்.ஐ. அறிவிப்பு 2022-ல்தான் வந்தது. நடுவில் போன வயசை யாரும் திருப்பித் தரவில்லை. எனவே, "போலீஸுக்கு எந்த பி.ஜி.?" என்பதைவிட, "போலீஸ் வேலை தள்ளிப்போனால் குற்றம், விசாரணை, நீதிமன்றம் என்கிற இதே உலகத்தில் வேறு எந்த நாற்காலி எனக்குச் சரிப்படும்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் காலண்டர், பிறகு கல்லூரி

21 வயதில் டிகிரி முடிக்கிறார் ஒருவர். "இரண்டு வருஷம் எம்.ஏ. முடிச்சிட்டு அப்புறம் எக்ஸாம் பார்த்துக்கலாம்" என்கிறார். எந்த எக்ஸாம் என்பதைப் பொறுத்து இது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம், தற்கொலைக்குச் சமமாகவும் இருக்கலாம். மத்திய ஆயுதப்படை உதவி கமாண்டன்ட் தேர்வுக்கும், டெல்லி போலீஸ் எஸ்.ஐ.க்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் பொதுப் பிரிவில் உச்ச வயது 25. ஓ.பி.சி.க்கு 3 வருஷம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷம் தளர்வு. இந்த இரண்டையும் குறிவைக்கிறவர் முழுநேர முதுகலைக்காகத் தேர்வைத் தள்ளிப்போட்டால், கையில் இருந்த வாய்ப்பில் பாதியைத் தூக்கிப் போடுகிறார்.

தமிழ்நாட்டு எஸ்.ஐ. கதை வேறு. பொதுப் பிரிவுக்கு 30, பி.சி., எம்.பி.சி.க்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35 வரை விண்ணப்பிக்கலாம். சிவில் சர்வீஸில் பொதுப் பிரிவுக்கு 32 வயது, 6 முயற்சி. ஓ.பி.சி.க்கு 35 வயது, 9 முயற்சி. இங்கே படித்துக்கொண்டே எழுத நேரம் இருக்கிறது.

காலண்டரோடு அளவு டேப்பையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எஸ்.ஐ. ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. பெண்களுக்கு 159, 157. இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்கிறவர் லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டிவிட்டுப் பிறகு அளந்து பார்ப்பதில் அர்த்தமில்லை. 165 செ.மீ. உயரமுள்ள ஆண் தமிழ்நாட்டில் எஸ்.ஐ. ஆக முடியாது, ஐ.பி.எஸ். ஆகலாம் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்று, பஸ் டே தகராறில் பேர் சேர்ந்த எஃப்.ஐ.ஆர். அதை எந்தப் பட்டமும் அழிக்காது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்களையும் வாரியம் சிக்கலான பார்வையோடுதான் பார்க்கிறது.

420-ஐ மறந்த ஊர்

இதெல்லாம் சரியாக இருந்து, மூன்று வருஷம் ஒதுக்கவும் முடியும் என்றால், பட்டம் முடித்தவருக்கு இருப்பதிலேயே நல்ல தேர்வு மூன்றாண்டு எல்.எல்.பி.தான். காரணத்தை சினிமாவிலிருந்தே தொடங்கலாம். ஸ்டேஷனில் வைத்து நாலு தட்டு தட்டினால் உண்மை வந்துவிடும், கேஸ் முடிந்துவிடும் என்பது திரைக்கதை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது என்பது சட்டம். 1872-ன் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, புதிய பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் 23-வது பிரிவாக நீடிக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே லாக்கப்பில் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் ஒரு வருஷப் பயிற்சியில் பிரிவு எண்ணைச் சொல்லித் தந்துவிடுவார்கள். அந்தப் பிரிவு ஏன் வந்தது, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது ஏன் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது என்று உட்கார்ந்து யோசிக்க சட்டக் கல்லூரியில்தான் நேரம் கிடைக்கும். அந்த யோசனை உள்ள எஸ்.ஐ.க்கும் இல்லாத எஸ்.ஐ.க்கும் உள்ள வித்தியாசம், நள்ளிரவில் ஸ்டேஷனுக்கு இழுத்து வரப்படுகிற ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

நேரமும் கூடி வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. 25 வருஷம் சர்வீஸ் போட்ட இன்ஸ்பெக்டரும் கொலைக்கு 302-ஐ மறந்துவிட்டு 103-ஐ மனப்பாடம் செய்கிறார். "சரியான ஃபோர் ட்வென்ட்டி" என்று ஊரே திட்டுகிற மோசடிப் பிரிவுகூட 318-க்குள் போய்விட்டது. இப்போது சட்டம் படித்து வருகிறவர் சீனியர்களோடு ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்.

காக்கி வராவிட்டால்? வழக்கறிஞராகப் பதிவு செய்து குற்றவியல் நீதிமன்றத்தில் 5 வருஷம் நடைமுறை அனுபவம் இருந்தால், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் நிலை 2 தேர்வை எழுதலாம். போலீஸ் போட்ட வழக்கை நீதிமன்றத்தில் நடத்துகிற வேலை அது. விசாரணையில் விட்ட ஓட்டை ஒவ்வொன்றும் அங்கே போய்த்தான் தெரியும். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு என்று அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, கட்டணமும் எட்டக்கூடியதுதான். ஒரே எச்சரிக்கை, எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க பார் கவுன்சில் அனுமதிப்பதில்லை. "கிளாஸுக்கே வர வேண்டாம் சார், வெளி மாநிலத்துல முடிச்சுத் தர்றோம்" என்று ஏஜென்ட் சொன்னால், நாளைக்குப் போலீஸ் ஆகப்போகிறவர் அங்கேயே ஒரு மோசடி வழக்கைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

வெள்ளைக் கோட்டும் காக்கியும்

ஃபாரன்சிக் மேல் இருக்கிற மோகம் புரிந்துகொள்ளக்கூடியது. 'தீரன் அதிகாரம் ஒன்று' பார்த்தவர்களுக்கு விரல்ரேகை என்றாலே ஒரு சிலிர்ப்பு. சட்டமும் துணை நிற்கிறது. 7 வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு. மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர 5 வருஷ அவகாசம் உண்டு. ஆள் தேவைப்படும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்த வேலைக்கு யூனிஃபார்ம் கிடையாது. தமிழ்நாட்டில் தடயவியல் துறை உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. அதன் வேர், 1849-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகம். இந்தியாவிலேயே முதலாவது அது. நஞ்சு, ரத்தம், டி.என்.ஏ., துப்பாக்கி, வெடிபொருள், ஆவணம் என்று பிரிவு பிரிவாக வேலை நடக்கும். நாள் முழுக்க சாம்பிளும் அறிக்கையும்தான். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குக் கூண்டில் நின்று பதில் சொல்லத் தெரிய வேண்டும். துரத்திப் பிடிக்கிற ஆசை உள்ளவருக்கு இது ஒத்துவராது. பொறுமைசாலிகளுக்கு இதைவிட நல்ல வேலை அமைவது கஷ்டம்.

சிக்கல் இருப்பது அறிவிப்பின் கல்வித் தகுதி வரியில். தடயவியல் ஆய்வகங்கள் ஆள் எடுப்பது பாடவாரியாக. மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களின் வேதியியல் பிரிவுக்கான யு.பி.எஸ்.சி. அறிவிப்புகளைப் பார்த்தால், எம்.எஸ்சி. வேதியியல் முதலில் இருக்கும். ஃபாரன்சிக் சயின்ஸ் முதுகலையும் சரி என்பார்கள், ஆனால் பி.எஸ்சி.யில் வேதியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வரும். அனுபவமும் கேட்பார்கள். அதாவது, வேதியியல் படித்தவருக்கு ஃபாரன்சிக் கதவு திறந்தே இருக்கிறது. அடிப்படை அறிவியல் பாடம் இல்லாமல் ஃபாரன்சிக் என்ற பெயரை மட்டும் வாங்கி வைத்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. விளம்பரங்கள் இதை நேர்மாறாகச் சொல்கின்றன.

அதனால் பி.எஸ்சி. வேதியியல், இயற்பியல், உயிரியல் முடித்தவர்கள் தங்கள் பாடத்திலேயே நல்ல கல்லூரியில் எம்.எஸ்சி. படிப்பது பெரும்பாலும் பாதுகாப்பு. ஆய்வகம் இல்லையென்றால் மருந்து கம்பெனி, ஆசிரியர் பணி என்று வேறு வழிகள் இருக்கும். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் மாதிரி, வழக்குச் சூழலோடு நெருங்கிய இடத்தில் சீட் கிடைத்தால் கணக்கு மாறலாம். மற்ற இடங்களில் சேரும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். பவுடர் பூசி விரல்ரேகை எடுக்கிற ஒரு மேஜையும் சுவரில் நாலு சார்ட்டும் மட்டும் இருந்தால் வாசலோடு திரும்பிவிடலாம்.

செல்போன் தான் இன்றைய சம்பவ இடம்

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு யோசனையே வேண்டாம், சைபர் தடயவியல்தான். 1930-க்கு வரும் புகார்களில் பணம் ஒரு கணக்கிலிருந்து பத்து கணக்குக்குத் தாவுவதற்குள் மடக்க வேண்டும். பிறகு கைப்பற்றிய போனின் தரவை நீதிமன்றம் ஏற்கும்படி ஹேஷ் மதிப்போடு சான்றிதழ் கொடுக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களுக்கு ஸ்டேஷனிலும் மதிப்பு, வெளியிலும் மதிப்பு. 2022-ல் செர்ட்-இன் அமைப்பு, இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் இந்த ஆட்களைத் தேட அதுவும் ஒரு காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையிலேயே சைபர் தடயவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. எஸ்.ஐ. முடிவு சாதகமாக வராவிட்டாலும் மாதச் சம்பளத்துக்குப் பஞ்சமிருக்காத ஒரே பிரிவு இதுதான். மூன்று மாத எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

சொந்தக்காரர் சொன்ன கிரிமினாலஜி

கிரிமினாலஜியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் நாடறிந்த இடங்கள். குற்றம் ஏன் நடக்கிறது, சிறை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன ஆகிறார், 16 வயதுப் பையன் கத்தி எடுப்பது எப்படி என்று கேட்கிற படிப்பு அது. ஆராய்ச்சி, நெட் தேர்வு வழியாகக் கல்லூரிப் பேராசிரியர் பணி, சிறை மற்றும் சிறார் நலம் சார்ந்த வேலைகள், தொண்டு நிறுவனங்கள் என்று அதற்கான பாதை வேறு. போலீஸ் பயிற்சி என்று நினைத்துச் சேர்கிறவருக்கு மட்டும்தான் ஏமாற்றம்.

முன்னாள் டி.ஜி.பி. சைலேந்திர பாபுவின் படிப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவர் ஐ.பி.எஸ்.ஸுக்குள் வந்தது வேளாண்மைப் பட்டதாரியாக, எம்.எஸ்சி. வேளாண்மையோடு. காணாமல் போகும் குழந்தைகள் பற்றி குற்றவியலில் முனைவர் பட்டம் வாங்கியது பணிக்கு வந்த பிறகு. கிரண் பேடியும் சட்டப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் காக்கிக்குள் இருந்தபோதுதான் வாங்கினார். ஸ்டேஷன் வாசலில் போட்டோவோடு நிற்கிற தாயைப் பார்த்த பிறகு குற்றவியலைப் படிப்பதற்கும், பார்க்காமல் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

குழந்தைகள், பெண்கள் பாதுகாப்பு பக்கம் மனசு இருக்கிறவர்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. நல்லது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் சமூகப் பணி படித்தவர்களை எடுக்கின்றன. ஆனால் அவை தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள், அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். எம்.பி.ஏ. பற்றி இங்கே சொல்ல எதுவுமில்லை.

டிகிரி முடித்துவிட்டு ஏற்கெனவே காவலராக பணியில் இருக்கிறவர்களின் நிலைமைதான் இதில் தனி. எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீதம் துறை ஒதுக்கீடு இவர்களுக்கு. பந்தோபஸ்து முடித்து ராத்திரி 11 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு தொலைநிலை எம்.ஏ. விளம்பரங்கள் ஆறுதலாக இருக்கும். அந்த எம்.ஏ. எஸ்.ஐ. ஆக்காது. துறை ஒதுக்கீட்டுத் தேர்வில் சட்டப் பிரிவுகளும் காவல் நிலையாணைகளும்தான் கைகொடுக்கும். அந்த ஃபீஸில் புதிய மூன்று சட்டங்களின் நல்ல பதிப்பு வாங்கி, இருக்கிற கொஞ்ச நேரத்தை அதற்குக் கொடுப்பது மேல்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கல்லூரிகள் வருஷா வருஷம் புதுப் புதுப் பெயரில் முதுகலைப் பட்டங்களைத் தொடங்குகின்றன. அரசுப் பணி அறிவிப்பு கேட்கிற பெயரும் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணை வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. சேரும் முன் கடந்த இரண்டு அறிவிப்புகளின் பி.டி.எஃப்.பை டவுன்லோட் செய்து, கல்வித் தகுதி வரியை அட்மிஷன் ஆபீஸில் காட்டி, "இதில் உங்க டிகிரி எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். "ஈக்விவலென்ட்தான் சார், பிரச்சினையே வராது" என்பார்கள். அடுத்து, அரசாணை எண் என்ன என்று கேட்க வேண்டும். எண்ணைச் சொல்கிற கல்லூரியில் ஃபீஸ் கட்டலாம்.